ஜிக் ராட் ஒன்றுதான் வாங்க முடியும்: கரைக்கும் கனூவுக்கும் சேர்த்து எதை எடுப்பது?

கரையோரம் எழுதியது:

வணக்கம். இரண்டு வருடமாக ஜிக் ஹெட்டில் (முள்ளோடு வார்த்த ஈயத் தலை) ரப்பர் மீன் கோத்துப் போட்டு மீன் பிடித்து வருகிறேன். இதுவரை முழுக்க கரையிலிருந்துதான். கையில் இருப்பது 9 அடி ராட் (தூண்டில் கோல்), எறியும் எடை 10 முதல் 40 கிராம். இந்த வருடம் கனூவும் (சிறிய துடுப்புப் படகு) வாய்த்திருக்கிறது. இந்த ராட் அதற்கு ஆகாது என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. மீன் பக்கத்தில் வந்துவிடுகிறது, ஆனால் கைக்கு எட்டவில்லை. நுனி எங்கோ உயரத்தில் நிற்க, மீன் இரண்டு மீட்டர் தள்ளிச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மேலும் சுருட்டினால் ராட் அரைவட்டமாக வளைகிறது. விட்டால் மீன் மறுபடி அடிக்குப் போகிறது. கைப்பிடியின் பின்முனை வேறு ஒவ்வொரு முறையும் லைஃப் ஜாக்கெட்டில் இடிக்கிறது.

இரண்டு ராட் வைத்துக்கொள்ள இப்போது வழியில்லை. வாரத்தில் பாதி நாள் கரை, பாதி நாள் கனூ. நடுத்தர ஓட்டமுள்ள ஆறு, ஆழம் 3 முதல் 7 மீட்டர். 7 முதல் 21 கிராம் வரை ஹெட், 3 அல்லது 4 அங்குல ரப்பர். எந்த நீளம், எந்த பவர்? கையில் எடுத்துப் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

ஆழ்நீலம் எழுதியது:

ஸ்லோ பிட்ச் ராட் ஒன்று எடுத்துவிடுங்கள். 6 அடி 3 அங்குலம், எடையே தெரியாது, முழுக்க வளையும். உட்கார்ந்து பிடிப்பதற்கு அதைவிட வசதி எதுவும் இல்லை.

ராட்கட்டி எழுதியது:

ஆழ்நீலம் அண்ணா, நீங்கள் சொல்வது வேறு ஜிக். பெயர் ஒன்றாக இருப்பதால் புதிதாக வருகிறவர்கள் இங்கேதான் தவறி வாங்குகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஸ்லோ பிட்ச் ராட் உலோக ஜிக்கை நேர் கீழே இறக்கி ஆட்டுவதற்காகச் செய்தது. ரீலைப் பாதிச் சுற்று சுற்றினால் ராட் வளையும், வளைந்தது நிமிரும்போது ஜிக்கைத் தூக்கும். அந்த நிமிர்வுதான் அதன் வேலை. எறிவதற்கு அது உதவாது.

இவர் கேட்பது ஜிக் ஹெட் ராட். தூரமாக எறிந்து, அடியில் உட்கார வைத்து, துள்ளித் துள்ளி இழுத்து வருவது. இதற்கு நுனி விறைப்பாக இருக்க வேண்டும். ஹெட் தரையில் உட்காருவதைக் கை உணர வேண்டும். அது சேறா, கல்லா, சிப்பியா என்பதும் தெரிய வேண்டும். கடி விழுந்தால் தடித்த ஒற்றை முள்ளை வாயில் ஏற்ற வேண்டும். முழுக்க வளையும் ராட்டில் நீங்கள் இழுக்கும் இழுப்பில் பாதியை ராட்டே விழுங்கிவிடும்.

ஆழ்நீலம் எழுதியது:

சரி, உலோக ஜிக் என்றே நினைத்துக்கொண்டேன். விளக்கியதற்கு நன்றி. தொடர்ந்து வாசிக்கிறேன்.

ஈயக்குண்டு எழுதியது:

நான் கரைக்காரன். என் அனுபவத்தில் 8 அடிக்குக் கீழே இறங்காதீர்கள்.

பலரும் தூரத்துக்காகத்தான் நீள ராட் என்று நினைக்கிறார்கள். தூரம் அதில் ஒரு பங்குதான். கரையில் நீளம் உண்மையில் உதவுவது கடைசி ஐந்து மீட்டரில். ஆற்றுக்கரை பெரும்பாலும் படிபோல இறங்கும். காலடியில் ஒரு மீட்டர் ஆழம், அப்புறம் ஒரு கல் விளிம்பு, அதைத் தாண்டியதும் திடீரென்று நான்கு மீட்டர். ஜிக் அந்தப் படியை ஏறி வர வேண்டும். ராட் குட்டையாக இருந்தால் நூல் விளிம்பில் உரசும், பிரெய்டு (பின்னிய நூல்) கல்லில் உரசினால் போயே போய்விடும். நீள ராட்டை உயர்த்திப் பிடித்தால் நூல் செங்குத்தாக எழும், விளிம்பைத் தொடாமல் ஜிக் மேலே வந்துவிடும்.

கோரையும் நாணலும் நிற்கும் இடத்திலும் இதே கதைதான். நுனி கோரையைத் தாண்டி நீட்டிக்கொண்டு இருந்தால்தான் மீனைச் சிக்காமல் கொண்டுவர முடியும். 7 அடி ராட்டோடு கோரைக்குள் முழங்கால் நனைய இறங்கி நின்ற நாட்கள் எனக்கு உண்டு. ஒரு முறை நல்ல மீன் ஒன்று கோரைத் தண்டுகளைச் சுற்றிக்கொண்டு நின்றது. என்னால் அதை அசைக்கவே முடியவில்லை. கடைசியில் லீடர் (முள்ளுக்கு முன்னால் கட்டும் தனி நூல்) அறுந்தது. அந்த ராட் இன்னும் ஓரடி நீளமாக இருந்திருந்தால் அந்த மீன் கைக்கு வந்திருக்கும் என்றே நம்புகிறேன்.

துடுப்பு எழுதியது:

ஈயக்குண்டு அண்ணன் சொன்னது கரைக்கு அப்படியே உண்மை. கனூவில் எல்லாம் தலைகீழ். கரையோரம், நீங்கள் இரண்டிலும் பிடிக்கப்போவதால் பொறுமையாக வாசியுங்கள்.

முதலில், கனூவில் நாம் உட்கார்ந்திருக்கிறோம். தண்ணீருக்கு மேலே நம் கை அரை மீட்டர்கூட இல்லை. நுனியைக் கீழே இறக்கி இழுக்கவே முடியாது, கொஞ்சம் இறக்கினாலே தண்ணீரைத் தொடும். அதனால் ஜிக்கைத் துள்ள வைப்பது ராட் அல்ல, ரீல்தான். ராட்டை சுமார் 45 பாகையில் அசையாமல் பிடித்து, ரீலின் கைப்பிடியை இரண்டு சுற்று சுற்றி நிறுத்துங்கள். 2500 அளவு ரீலில் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய முக்கால் மீட்டர் நூல் ஏறும். நிறுத்தியதும் நுனியைப் பாருங்கள். ஹெட் இறங்கும்வரை நுனி லேசாகக் குனிந்திருக்கும். தரையைத் தொட்டதும் நிமிரும். அந்த நிமிர்வுக்கு முன்னால் ஒரு ‘டக்’ கையில் விழுந்தால் அது மீன்.

இரண்டாவது, சரிவு. இதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை, எனக்கோ இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். கரையிலிருந்து ஆழத்துக்கு எறிந்தால் ஜிக் மேடு ஏறி வருகிறது. ஒவ்வொரு துள்ளலிலும் தரை முன்னைவிட உயரத்தில் இருப்பதால் சீக்கிரம் உட்கார்ந்துவிடும். கனூவை ஆழத்தில் நிறுத்தி, கரையைப் பார்த்து எறிந்தால் அதே ஜிக் பள்ளத்தில் இறங்கி வருகிறது. ஒவ்வொரு துள்ளலிலும் தரை விலகிப் போகிறது, இறங்கும் நேரம் கூடுகிறது. ஆகவே கரையில் 14 கிராமில் சரியாக இருந்த இடத்துக்கு எதிர்ப் பக்கமிருந்து 18 கிராம் கேட்கும், அல்லது இரண்டு சுற்றை ஒன்றரையாகக் குறைக்க வேண்டும். ராட் இந்த இரண்டு எடையையும் சிரமமில்லாமல் சுமக்க வேண்டும். நீளத்தைவிட முதலில் இதைப் பாருங்கள்.

மூன்றாவது, மீன் படகுக்கு அடியில் ஓடுவது. ஓடாத மீனே இல்லை. ஓடினால் ராட்டை மேலே தூக்காதீர்கள்! நுனியைத் தண்ணீருக்குள்ளேயே அமிழ்த்தி, படகின் முனையைச் சுற்றி மறுபக்கம் கொண்டுவர வேண்டும். 6 அடி ராட் முனையைச் சுற்ற எட்டாது, நூல் படகின் அடியில் உரசும். 8 அடி எட்டும், ஆனால் மீனைக் கைவலைக்குக் கொண்டுவரும்போது அளவுக்கு மீறி வளையும். 6 அடி 9 அங்குலத்திலிருந்து 7 அடி 3 அங்குலம் வரை இந்த வேலைக்குப் பொருந்துகிறது.

புதுநூல் எழுதியது:

ஒரு சந்தேகம், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ராட்டில் ‘மீடியம்’ என்றும் ‘ஃபாஸ்ட்’ என்றும் தனித்தனியாக எழுதியிருக்கிறது. இரண்டும் வலிமையைத்தான் சொல்கிறதா?

ராட்கட்டி எழுதியது:

இல்லை தம்பி. மீடியம், மீடியம் லைட் என்பதெல்லாம் பவர், அதாவது வளைப்பதற்கு எவ்வளவு விசை வேண்டும் என்பது. ஃபாஸ்ட், மாடரேட் என்பது ஆக்‌ஷன், அதாவது எந்த இடத்தில் வளையும் என்பது. ஃபாஸ்ட் என்றால் நுனிப் பக்கத்து மூன்றில் ஒரு பங்குதான் முதலில் வளையும், மாடரேட் என்றால் வளைவு பாதி வரை இறங்கும். ஒரு ராட் லைட்டாகவும் ஃபாஸ்ட்டாகவும் இருக்கலாம், இன்னொன்று ஹெவியாகவும் மாடரேட்டாகவும் இருக்கலாம்.

பவர் பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள். ஒரு நிறுவனத்தின் மீடியம் இன்னொரு நிறுவனத்தின் மீடியம் லைட் ஆக இருக்கும், இதற்குப் பொது அளவுகோல் கிடையாது. எழுதியிருக்கும் கிராம் எண்ணைப் பாருங்கள். அவுன்ஸில் இருந்தால் ஓர் அவுன்ஸ் 28 கிராம், கால் அவுன்ஸ் 7, அரை அவுன்ஸ் 14, முக்கால் அவுன்ஸ் 21.

இன்னொன்று. அந்த எண் ஹெட்டின் எடை அல்ல, நுனியில் தொங்கும் மொத்த எடை. 4 அங்குல ரப்பர் மீன் ஒன்றே 7, 8 கிராம் இருக்கும். கரையோரம் 21 கிராம் ஹெட் போடுகிறேன் என்கிறார், ரப்பரோடு அது 29. ‘5 முதல் 21’ என்று எழுதிய ராட்டை அவர் வாங்கினால் ஓங்கி எறியும் ஒவ்வொரு முறையும் அதை வதைப்பார். அதேபோல, எழுதியிருக்கும் கீழ் எல்லையில் எந்த ராட்டும் நன்றாக எறியாது. நடுவிலிருந்து முக்கால் பங்கு வரைதான் அதன் நல்ல இடம். அவருக்கு 7 முதல் 28 (அதில் 21 கிராம் ஹெட்டுக்கு 3 அங்குல ரப்பர் மட்டும்), அல்லது 10 முதல் 30 பொருந்தும், ஃபாஸ்ட். எக்ஸ்ட்ரா ஃபாஸ்ட் நன்றாக உணர்த்தும், ஆனால் மீன் காலடியில் தலையை உதறும்போது விட்டுக்கொடுக்காது. கனூவில் நூல் மிகக் குறைவாக வெளியே இருக்கும் நேரத்தில் அந்த உதறலில் முள் கழன்றுவிடும்.

புதுநூல் எழுதியது:

புரிந்தது, நன்றி அண்ணா. என் ராட்டை எடுத்துப் பார்த்தேன், 3 முதல் 15. இத்தனை நாளும் அதில் 20 கிராம் எறிந்திருக்கிறேன்.

அலைச்சுழி எழுதியது:

எல்லோரும் நுனியைப் பற்றியே பேசுகிறீர்கள். என் தொல்லை முழுக்க பின்முனையில்தான்.

நான் 5 அடி 1 அங்குலம் உயரம். கயாக்கில் பிடிக்கிறேன், இருக்கை கனூவைவிடத் தாழ்வு. என் முதல் ராட் 7 அடிதான், எல்லோரும் நல்ல நீளம் என்றார்கள். ஆனால் ரீலுக்குப் பின்னால் கைப்பிடி 32 சென்டிமீட்டர். சுற்றும்போதெல்லாம் லைஃப் ஜாக்கெட்டின் பையில் மாட்டும். ராட்டை இடமிருந்து வலம் மாற்ற வேண்டுமானால் உடம்பையே திருப்ப வேண்டும். மீன் அடித்தால் முள் ஏற்ற இழுக்கும்போது பின்முனை விலாவில் இடிக்கும், இழுப்பு பாதியில் நிற்கும். ஒரு மாதம் முழுக்க எனக்குத்தான் கைவரவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் வேறொருவரின் 6 அடி 10 அங்குல ராட்டை வாங்கிப் பார்த்தேன், கைப்பிடி 22 சென்டிமீட்டர். அன்று ஒரு மீனையும் தவறவிடவில்லை.

அளந்து பார்ப்பது சுலபம். ரீலைப் பொருத்துங்கள். ரீலின் கால் நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையில் வரும்படி பிடியுங்கள். கைப்பிடியை முன்கையின் அடியோடு ஒட்ட வையுங்கள். பின்முனை முழங்கையைத் தாண்டி இரண்டு விரலுக்கு மேல் நீண்டால் உட்கார்ந்து பிடிக்கும் இடத்தில் இடிக்கும். முடிந்தால் லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, தரையில் உட்கார்ந்து செய்து பாருங்கள்.

துடுப்பு எழுதியது:

அக்கா சொன்னதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். இது நூற்றுக்கு நூறு.

ஈயக்குண்டு எழுதியது:

கைப்பிடியை அவ்வளவு குறைத்தால் கரையில் இரு கையால் எறிய முடியாதே. 20 கிராமை ஒரு கையால் நாள் முழுக்க எறிந்தால் தோள்பட்டை என்ன ஆகும்?

அலைச்சுழி எழுதியது:

எறியலாம் அண்ணா. 22, 23 சென்டிமீட்டரில் இடது கை முழுதாகப் பிடிக்காது, ஆனால் உள்ளங்கையில் அடிமுனையை ஏந்திக்கொண்டு இரண்டு விரலால் இழுக்கலாம். வலது கை தள்ளும், இடது கை இழுக்கும். ராட்தான் எறிகிறது, தோள் அல்ல. நான் 24 கிராம் வரை இப்படித்தான் எறிகிறேன், வலி வந்ததில்லை.

ராட்கட்டி எழுதியது:

ஈயக்குண்டு அண்ணா, தூரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஓரடி நீளத்தில் இழப்பதை நூலில் மீட்டுக்கொள்ளலாம். இவர் எந்த நூல் போடுகிறார் என்று சொல்லவில்லை. பிஇ (பிரெய்டு நூலின் தடிமன் எண்) 1.5 போடுகிறவர் பிஇ 0.8 க்கு இறங்கினால் எறிதூரம் கூடுவது கண்ணுக்கே தெரியும். 0.8 இன் விட்டம் சுமார் 0.15 மில்லிமீட்டர், 1.5 இன் விட்டம் 0.2. மெல்லிய நூலைத் தண்ணீர் குறைவாகத் தள்ளும், அதனால் ஓட்டத்தில் ஹெட் சீக்கிரம் அடிக்குப் போகும். சில சமயம் ஒரு படி லேசான ஹெட்டே போதும்.

கல் விளிம்புக்கு மட்டும் என்னிடம் மாற்று இல்லை. அங்கே உங்கள் நீள ராட்தான். ஃப்ளோரோகார்பன் லீடரை ஒன்றரை மீட்டராக நீட்டினால் உரசலைக் கொஞ்சம் தாங்கும். எஃப்ஜி முடிச்சு (பிரெய்டையும் லீடரையும் இணைக்கும் மெல்லிய முடிச்சு) போட்டால் ராட்டின் வளையங்களில் தட்டாமல் போகும்.

ஈயக்குண்டு எழுதியது:

நீள லீடர் நல்ல யோசனை, ஒத்துக்கொள்கிறேன். நான் 60 சென்டிமீட்டருக்கு மேல் போட்டதில்லை. கனூவும் வேண்டும் என்றால் 7 அடிக்கு மேல் கொஞ்சம், 7 அடி 3 அல்லது 4 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள் கரையோரம். 7 அடிக்குக் குறைந்தால் கோரைக்கரையில் அழுவீர்கள்.

கரையோரம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நூல் பிஇ 1.2 போடுகிறேன், 0.8 வாங்கிப் பார்க்கிறேன். நாளை மறுநாள் ராட் பார்க்கப் போகிறேன். கைப்பிடி அளவு, கிராம் எண் இரண்டும் மனதில் இருக்கிறது. வேறு என்ன சோதிக்கலாம்?

ராட்கட்டி எழுதியது:

உங்கள் ரீலை எடுத்துக்கொண்டு போங்கள், அது இல்லாமல் எந்த ராட்டும் பொய் சொல்லும். ரீலைப் பொருத்தி, ஆட்காட்டி விரலை ரீல் காலுக்கு ஒட்டி முன்னால் கொடுத்துத் தாங்குங்கள். அந்த விரலின் மேல் ராட் ஏறக்குறைய சமமாக நிற்க வேண்டும். நுனிப் பக்கம் விழுந்துகொண்டே இருந்தால் நாள் முழுக்க மணிக்கட்டுதான் அதைத் தூக்கிப் பிடிக்கும், களைத்த கைக்குக் கடி தெரியாது. ராட்டின் மொத்த எடையைவிட இந்தச் சமநிலையைப் பெரிதாக எடுத்துக்கொள்ளுங்கள். 110 கிராம் ராட் நுனி கனத்தால் 130 கிராம் ராட்டைவிட அதிகமாகக் களைக்க வைக்கும்.

அப்புறம் நூலை வளையங்கள் வழியாகக் கோத்து, ஒருவரை முனையைப் பிடிக்கச் சொல்லி மெல்ல இழுங்கள். வளைவு உடைந்த கோடாக இல்லாமல் ஒழுகலாக வர வேண்டும், நூல் எங்கேயும் ராட்டின் உடம்பைத் தொடக் கூடாது. ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் பஞ்சைச் சுழற்றுங்கள். இழை பிய்ந்து ஒட்டினால் அங்கே விரிசல், பிரெய்டை அது அறுக்கும். வளையத்தின் கால் முன்பக்கம் சாய்ந்த வகை, ஃபூஜியின் கே வரிசையைப் போல, இருந்தால் நல்லது. மெல்லிய பிரெய்டு காற்றில் வளையத்தைச் சுற்றிக்கொண்டாலும் எறியும்போது தானாக வழுக்கி வெளியேறும். கனூவில் நுனியில் சிக்கிய நூலை எழுந்து நின்று எடுக்க முடியாது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு துண்டு ராட் என்றால் இணைப்பைச் செருகி, லேசாக உதறுங்கள். ‘க்ளிக்’ என்று சத்தம் கேட்டால் வேண்டாம்.

துடுப்பு எழுதியது:

அந்த இணைப்பை ஆற்றிலும் மணிக்கொரு தரம் தொட்டுப் பாருங்கள். எறிய எறிய மெல்லத் தளரும். தளர்ந்த இணைப்போடு ஓங்கி எறிந்தால் அதன் வாய் பிளந்துவிடும்.

இன்னும் இரண்டு, கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். கனூவில் இன்னொருவர் இருந்தால் தலைக்கு மேலே சுழற்றி எறியாதீர்கள். பக்கவாட்டில், படகுக்கு வெளியே மட்டும். 20 கிராம் ஈயமும் முள்ளும் கூட வந்தவரின் முகத்தருகே போவதை ஒரு முறை பார்த்தவன் நான். அவருடைய கண்ணாடிதான் காப்பாற்றியது. இரண்டாவது, ராட் கார்பன், மின்சாரத்தைக் கடத்தும். இடி காதில் விழுந்தால் மீன் இருந்தாலும் சுருட்டி, ராட்டைப் படுக்கவைத்து, கரைக்குப் போய்விடுங்கள். மின்கம்பிக்குக் கீழே எறியவே கூடாது.

புதுநூல் எழுதியது:

மீனைத் தூக்கும்போது ராட் உடைவது ஏன் என்றும் யாராவது சொல்லுங்கள். தரமான ராட் என்று சொல்லி வாங்கினேன், கால் கிலோ மீனுக்கு நுனி போய்விட்டது.

ராட்கட்டி எழுதியது:

தரத்தின் குறையாக இல்லாமல் இருக்கலாம் தம்பி. ராட்டின் அடிக்கும் நூலுக்கும் இடையிலான கோணம் 90 பாகையைத் தாண்டினால் அடிப்பகுதி வேலை செய்வதை நிறுத்திவிடும், பாரம் முழுக்க மெல்லிய நுனிக்குப் போகும். மீன் காலடியில் இருக்க, ராட்டை முதுகுக்குப் பின்னால் சாய்த்தீர்களா? அதுதான் காரணம். கனூவில் எல்லோரும் செய்வது இது. நுனியிலிருந்து ராட்டின் முக்கால் நீளத்துக்கு நூலை வெளியே விட்டு, ராட்டைப் பக்கவாட்டில் நீட்டி, மீனை வலைக்குள் வழுக்கிக் கொண்டுவாருங்கள். ராட்டால் மீனைத் தூக்க வேண்டாம்.

கரையோரம் எழுதியது:

மூன்று வாரம் ஆயிற்று, தகவல் சொல்லாமல் இருக்க மனமில்லை.

7 அடி 3 அங்குலம், 7 முதல் 28 கிராம், ஃபாஸ்ட், பின்கைப்பிடி 23 சென்டிமீட்டர். விரலில் நிறுத்திப் பார்த்துத்தான் எடுத்தேன். முதலில் பிடித்த இரண்டு ராட்டும் நுனிப் பக்கம் கவிழ்ந்தன, அவற்றை வைத்துவிட்டேன். நூல் பிஇ 0.8, லீடர் ஒன்றரை மீட்டர்.

கனூவில் நான்கு நாள், கரையில் ஐந்து நாள். கனூவில் இது வேறு உலகம். துடுப்பு அண்ணன் சொன்ன ‘நுனி நிமிர்வு’ இரண்டாம் நாள் தெரிந்தது. அதுவரை கடிக்காகக் கையை மட்டும் நம்பியிருந்தேன். ஐந்து மீட்டர் ஆழத்தில் இரண்டு சுற்று சுற்றி நிறுத்தினேன். நுனி குனிந்தது. வழக்கமாக மூன்று எண்ணும்வரை குனிந்தே இருக்கும், அன்று ஒன்று எண்ணியதும் நிமிர்ந்துவிட்டது. கையில் ஒன்றும் விழவில்லை. சும்மா இழுத்துப் பார்த்தேன், மறுமுனையில் கனம். மீன் மேலே வந்தபடியே கவ்வியிருக்கிறது! பழைய ராட்டில் இப்படி எத்தனை மீனை விட்டேனோ.

கரையில் தூரம் குறைந்தது உண்மை, ஆனால் நான் பயந்த அளவுக்கு இல்லை. கோரைக்கரையில் மட்டும் இடம் மாறி நிற்க வேண்டியிருக்கிறது, ஈயக்குண்டு அண்ணன் எச்சரித்தது அப்படியே நடந்தது. இடைவெளி இருக்கும் இடமாகப் பார்த்து நிற்கிறேன்.

ஒன்று மட்டும் இன்னும் பிடிபடவில்லை. காற்று அடிக்கும் நாளில் கனூவில் தரையைத் தொடுவதே தெரிவதில்லை. ராட்டின் குறையா?

துடுப்பு எழுதியது:

ராட் அல்ல, படகு நகர்கிறது. காற்று உங்களை ஜிக்கின் பக்கம் தள்ளினால் நூல் தொய்யும், தொய்ந்த நூலில் எதுவும் வராது. நங்கூரத்தை முனையில் கட்டுங்கள், பக்கவாட்டில் கட்டவே கட்டாதீர்கள், ஓட்டத்தில் படகு கவிழும். கயிறு ஆழத்தைப் போல ஐந்து மடங்காவது இருக்கட்டும். அவசரத்தில் உடனே அறுக்கக் கத்தி கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். படகு நின்ற பிறகும் காற்று நூலை வில்லாக வளைக்கும். எறிந்ததும் நுனியைத் தண்ணீருக்கு மேலே ஒரு சாண் உயரத்துக்கு இறக்கி, தொய்வைச் சுருட்டிவிட்டு, அப்புறம் 45 பாகைக்கு உயர்த்துங்கள். அதற்கும் தெரியவில்லை என்றால் ஹெட்டை 4 கிராம் கூட்டுங்கள்.

கரையோரம் எழுதியது:

நங்கூரமே இல்லாமல்தான் போய்க்கொண்டிருந்தேன். வாங்கிவிட்டு எழுதுகிறேன்.